லக்ஸுரி பேனா வாங்கப் போறீங்களா? முதல்ல 'மூணு சுழி ண' எழுதிப் பாருங்க!

"பேனா இருக்கா சார்?"

வங்கியிலும் ரயில்வே ரிசர்வேஷன் கவுன்ட்டரிலும் தினமும் காதில் விழுகிற கேள்வி. டீக்கடையில் ஜிபே, ஆபீஸில் கூகுள் டாக்ஸ், காதலுக்கு வாட்ஸ்அப் என்று ஆன பிறகு, சட்டைப்பையில் பேனாவோடு திரிபவர்களே அபூர்வம்தான். ஆனால் இதே காலத்தில்தான் மை பேனா ரீல்ஸ் பார்த்து, ஒன்று வாங்கி, அது மூன்றாகி, மூன்று ஏழாகி, பேனாவுக்கென்றே தனி டப்பா வைத்திருக்கிற இளசுகளும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கிற இடம் இது: "கொஞ்சம் நல்லா காசு போட்டு ஒரு பேனா வாங்கலாம்னு இருக்கேன். எந்த பிராண்ட் ப்ரோ?"

ஈஸியான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கக்கூடிய கேள்வி. போன் மாதிரி ரெண்டு வருஷத்தில் மாற்றிவிடுகிற பொருளும் இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மை பேனா உங்கள் பேரன் பேத்தி வரைக்கும் எழுதும். அதனால் பிராண்ட் பெயரில் மயங்குவதற்கு முன், திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருந்துகொண்டே உங்களுக்கான பேனாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்த்துவிடலாம்.

காந்திக்கு ரெண்டு பேனா

முதலில் 'லக்ஸுரி' என்ற வார்த்தையையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். அதற்கு ரெண்டு பேனாக்களின் கதை போதும்.

ஒன்று, 2009-ல் வந்தது. ஜெர்மனியின் மான்ட்பிளாங்க் நிறுவனம் மகாத்மா காந்தி பெயரில் ஒரு லிமிடெட் எடிஷன் பேனாவை இந்தியாவில் வெளியிட்டது. தங்க நிப், அதில் கைத்தடியோடு நடக்கும் காந்தி உருவம், நூற்புக் கதிரை நினைவூட்டுகிற மாதிரி பேனாவைச் சுற்றித் தங்க இழை. மொத்தம் 241 பேனாக்கள். தண்டி யாத்திரையின் தூரம் 241 மைல் என்பதால் அந்த எண்ணிக்கை. விலை? ஒரு பேனா 11 லட்சம் ரூபாய்க்கு மேல்! எளிமையின் அடையாளமாக வாழ்ந்தவர் பெயரில் இப்படி ஒரு பேனாவா என்று சர்ச்சை கிளம்பி, கேரள உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2010-ல் விற்பனை நிறுத்தப்பட்டது.

இன்னொன்று, அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னால் செய்தது. ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்ய முயன்றுகொண்டிருந்தார். அவர் கையால் செய்த பேனாவை காந்தியிடம் கொண்டு சேர்த்தவர் ஜே.சி. குமரப்பா. நம்ம பக்கத்து ஊர் தஞ்சாவூரில் பிறந்தவர். அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தியவர். காந்தி அதில் எழுதிப் பார்த்துவிட்டு, 1935 ஜூலையில் ரத்னத்துக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். கடைவீதியில் கிடைக்கிற வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்பதுதான் அவர் கொடுத்த ரிவ்யூ.

உப்பு யாத்திரையில் திருச்சிக்கும் பங்கு உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்குக் கிளம்பியது திருச்சியில், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்துதான். ராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர். தூரம் சுமார் 150 மைல்.

சரி, இந்த ரெண்டு பேனாவில் எது லக்ஸுரி? 241 பேனாக்களில் ஒன்றை வாங்கியவர் பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வைத்திருப்பார். ரத்னம் பேனா எழுதுவதற்காகப் போய்ச் சேர்ந்தது, எழுதியது. ஒரு பேனாவுக்கு நாம் கொடுக்கிற காசு நாலு இடத்துக்குப் போகிறது: எழுதுகிற திறனுக்கு, செய்த பொருளுக்கு, கைவேலைக்கு, பெயருக்கு. இந்த நாலில் நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுத்தால் எதுவுமே தப்பில்லை. தெரியாமல் கொடுத்தால்தான் பிரச்னை.

4810... 3776... அப்போ 83?

பெரிய பிராண்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மான்ட்பிளாங்க்கின் மைஸ்டர்ஷ்டுக் பேனாவை எடுத்தால் நிப்பில் 4810 என்று பொறித்திருக்கும். ஐரோப்பாவின் மோன் பிளாங்க் சிகரத்தின் உயரம், மீட்டரில். மூடித் தலையில் இருக்கிற வெள்ளை நட்சத்திரம் அந்தச் சிகரத்தின் பனி. 1924-ல் தொடங்கிய வரிசை இது. குண்டாக, கம்பீரமாக இருக்கும் 149 மாடல் 1952-ல் வந்தது. அட்டகாசமாக எழுதும், சந்தேகமில்லை. கூடவே, மீட்டிங்கில் மேஜை மேல் வைத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்கும் சேர்த்துத்தான் விலை.

ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனமும் சளைத்ததில்லை. அவர்களின் முக்கியமான பேனாவின் பெயரே 3776. ஃபுஜி மலையின் உயரம்! இதில் மூடியின் உள்ளே காற்றுப் புகாத ஒரு அமைப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் எழுதாமல் வைத்திருந்தாலும் நிப்பில் மை காயாமல் இருப்பதற்காகச் செய்தது. இது ஏன் திருச்சிக்காரர்களுக்கு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

பெலிக்கான், ஜெர்மனியின் இன்னொரு பழம்பெருச்சாளி. 1929-ல் முதல் பேனாவைக் கொண்டு வந்தது. பின்பக்கக் குமிழைத் திருகினால் உள்ளே இருக்கும் பிஸ்டன் மையை உறிஞ்சும். 400, 600, 800, 1000 என்று எண் ஏற ஏறப் பேனாவின் சைஸும் ஏறும். கைக்கு ஏற்ற அளவு பார்த்து எடுக்கலாம். 

லாமி, டிசைன் பிரியர்களுக்கு. 1966-ல் வந்த லாமி 2000 இன்றைக்கும் அதே உருவத்தில் விற்கிறது. 1980-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த சஃபாரிதான் இன்று பலருக்கும் முதல் 'நல்ல பேனா'.

1918-ல் தொடங்கிய பைலட், நம்பகத்துக்குப் பேர் போனது. பால்பாயின்ட் மாதிரி 'டிக்' என்று அமுக்கினால் நிப் வெளியே வருகிற கேப்லெஸ் மாடல் இவர்களுடையது. செய்லர் நிப்பில் எழுதும்போது பென்சிலில் எழுதுவது மாதிரி ஒரு சின்ன உரசல் தெரியும். அதற்காகவே உயிரை விடுகிற ரசிகர்கள் உண்டு. இத்தாலியின் விஸ்கோன்டி, எட்னா எரிமலையின் லாவாவைக் கலந்து பேனா உடல் செய்கிறது. அமெரிக்கப் பிராண்டான ஷேஃபரை 2022-ல் வாங்கியது யார் தெரியுமா? பெங்களூருவின் வில்லியம் பென் நிறுவனம்!

இப்படி ஊர் ஊருக்கு மலை உயரத்தை வைத்துப் பேனா செய்கிறார்கள் என்றால், நமக்கும் ஒரு மலை இருக்கிறதே. மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். யாராவது '83' என்று நிப்பில் பொறித்து ஒரு பேனா விட்டால், உச்சிப் பிள்ளையார் சாட்சியாக முதல் ஆர்டர் நம்முடையது!

'அண்ணன்' டெஸ்ட்

பேனாவின் உயிர் நிப்பில் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிதான்.

நிப்பின் அகலத்தை எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம், பிராட் என்று பிரிப்பார்கள். யூடியூபில் பேனா ரிவ்யூ பண்ணுகிற வெளிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் மீடியம், பிராட் நிப்பைத்தான் 'செம ஸ்மூத்' என்று புகழ்வார்கள். அவர்கள் எழுதுவது ஆங்கிலம். நாம் எழுதுவது தமிழ். இங்கேதான் கதை மாறுகிறது.

தமிழ் எழுத்து சுழிகளால் ஆனது. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண, ஒரு சின்ன இடத்துக்குள் வளைந்து நெளிகிற ஞ, ஸ்ரீ, ஐ, இ. சாதாரண ரூல்டு நோட்டில் பிராட் நிப்பால் எழுதினால் சுழிக்குள் மை நிரம்பி, மூணு சுழியா ரெண்டு சுழியா என்றே தெரியாது. 'மணம்' என்று எழுதியது 'மனம்' மாதிரி தெரியும்.

அதனால் கடையில் பேனாவை வாங்கியதும் கையெழுத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று சொல்லாதீர்கள். கையெழுத்து எந்தப் பேனாவிலும் அழகாகத்தான் வரும். அதற்குப் பதிலாக, நீங்கள் வழக்கமாக எழுதுகிற சைஸில், உங்கள் நோட்டில், இந்த நாலு வார்த்தையை எழுதிப் பாருங்கள்: அண்ணன், ஸ்ரீரங்கம், ஞாயிறு, வாழைப்பழம். சுழிகளுக்குள் வெள்ளை தெரிகிறதா? 'ழ'வின் கீழ்வளைவில் நிப் தடுக்குகிறதா? வார்த்தையின் முதல் கோடு மை இல்லாமல் வெறுமையாகப் போகிறதா? முப்பது செகண்டில் பேனாவின் ஜாதகமே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். ஜப்பானிய நிப்கள் ஐரோப்பிய நிப்களைவிடப் பொதுவாக ஒரு படி மெல்லியவை. சின்னக் கட்டத்துக்குள் பல கோடுகள் போட வேண்டிய எழுத்து அவர்களுடையது. ஆக, பைலட் மீடியமும் லாமி ஃபைனும் கிட்டத்தட்ட ஒரே அளவில் எழுதும். தமிழில் பொடியாக எழுதுகிறவர்களுக்கு ஜப்பானிய பிராண்டுகள் சட்டென்று பிடித்துப்போவதற்கு இதுதான் காரணம். பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறவர் என்றால் ஜெர்மன் ஃபைன் அல்லது மீடியம் தாராளமாக எடுக்கலாம்.

தங்க நிப் அவசியமா? அந்தக் காலத்து மைகளில் அமிலத்தன்மை அதிகம். சாதா எஃகு அரித்துவிடும், தங்கம் அரிக்காது. அதனால்தான் 14, 18 காரட் தங்கத்தில் நிப் செய்தார்கள். இன்றைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்களுக்கு அந்தக் கவலை இல்லை. தங்கம் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம், அதுவும் எல்லாத் தங்க நிப்பும் இல்லை. காகிதத்தைத் தொடுகிற நுனியில் தங்க நிப்புக்கும் எஃகு நிப்புக்கும் ஒரே கதைதான்: தேயாத ஒரு கடினமான உலோகக் கலவையில் ஒரு சின்ன மணி.

இன்னும் ஒரு ரகசியம். விலை உயர்ந்த பல பேனாக்களின் நிப், பேனா கம்பெனி செய்ததே கிடையாது. ஜெர்மனியில் பாக், ஜோவோ என்று ரெண்டு நிறுவனங்கள். உலகத்தின் பாதி பேனாக்காரர்கள் இவர்களிடம்தான் நிப் வாங்குகிறார்கள் என்று சொல்லலாம். ஆக, அஞ்சாயிரம் ரூபாய்ப் பேனாவிலும் இருபத்தஞ்சாயிரம் ரூபாய்ப் பேனாவிலும் ஒரே நிப் இருக்க வாய்ப்பு உண்டு. மான்ட்பிளாங்க், பைலட், செய்லர், பிளாட்டினம், அரோரா போன்றவை சொந்தமாக நிப் செய்கிறவை. கடைக்காரரிடம் "நிப் யாரோடது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கப்புறம் அவர் உங்களிடம் பேசுகிற தொனியே மாறும்!

அக்னி நட்சத்திரத்தில் ஒரு இங்க் பேனா

மை பேனா எப்படி எழுதுகிறது? நிப்புக்கு அடியில் நாக்கு மாதிரி ஒரு கறுப்புத் துண்டு இருக்குமே, அதற்குள் முடி அளவுக்கு மெல்லிய வாய்க்கால்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த வாய்க்கால் மையை நுனிக்குக் கொண்டு வரும். மை வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே போகும். இந்தக் கொடுக்கல் வாங்கல் சரியாக நடந்தால் பேனா தடையில்லாமல் எழுதும். காற்று சீக்கிரம் உள்ளே போனால் பேனா ஒழுகும். போகவில்லை என்றால் எழுதாது.

மை நிரப்புவதில் மூன்று வகை பிரபலம். ஒன்று, கார்ட்ரிட்ஜ் அல்லது கன்வர்ட்டர். ஆரம்பக்காரர்களுக்கு இதுதான் ஈஸி, கழுவுவதும் சுலபம். ரெண்டு, பெலிக்கான் மாதிரி பிஸ்டன். நிறைய மை பிடிக்கும். மூன்று, நம் அப்பா அம்மா ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்களே, அந்த ஐட்ராப்பர். பேனாவின் உடம்பு முழுக்க மைதான்.

இங்கேதான் திருச்சி வெயில் வருகிறது. ஐட்ராப்பரில் பாதிக்கு மேல் மை தீர்ந்ததும் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். கைச்சூட்டில் காற்று விரியும். விரிந்த காற்று மையைத் தள்ளும். நிப்பிலிருந்து திடீரென்று ஒரு பொட்டு நோட்டில் விழும். இதைத்தான் பேனாக்காரர்கள் 'ஏப்பம் விடுது' என்று கிண்டல் செய்வார்கள். வழி சுலபம்: பாதி தீர்வதற்குள் மறுபடி நிரப்பிவிடுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள்ளோ கார் டேஷ்போர்டிலோ எந்தப் பேனாவையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சூடு இன்னொரு வேலையும் செய்யும்: நிப்பில் இருக்கிற மையைக் காய வைக்கும். தினமும் எழுதாதவர் என்றால் மூடி இறுக்கமாக அடைக்கிற பேனாவாகப் பார்த்து எடுங்கள். மேலே சொன்ன 3776-ன் மூடி இதற்குத்தான் உதவுகிறது.

மை விஷயத்தில் ஒரே கட்டளை: மை பேனாவுக்கென்றே செய்த மையை மட்டும் ஊற்றுங்கள். ஓவியம் வரைகிற இந்தியன் இங்க்கை ஊற்றினால் உள்ளே காய்ந்து பாறையாகி, பேனா போயே போச்சு. மினுமினுப்புத் துகள் போட்ட மை அழகுதான். ஆனால் லட்ச ரூபாய்ப் பேனாவில் வேண்டாம். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது மை கலர் மாற்றும்போதெல்லாம், குழாய்த் தண்ணீரில் தெளிவாகும்வரை அலசுங்கள். சுடுதண்ணீர் கூடவே கூடாது.

பேரே 'ரங்கா'தான்!

லக்ஸுரி பேனா என்றாலே விமானம் ஏறி வர வேண்டும் என்று யார் சொன்னது? திருச்சியில் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. அங்கிருந்து லோக்கல் ரயிலில் திருவள்ளூர். வீரராகவப் பெருமாளைச் சேவிக்க ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பலரும் போயிருக்கக்கூடிய ஊர். அந்த ஊரில்தான் உலகம் முழுக்க இருக்கிற பேனா சேகரிப்பாளர்கள் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கிற ஒரு பேனா பிறக்கிறது. பெயர், ரங்கா!

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வேறு சிபாரிசே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் பெயர் வந்தது, அதைத் தொடங்கிய பாண்டுரங்கன் என்ற கைவினைஞரிடமிருந்து. எபொனைட் கம்பியை எடுத்து, லேத்தில் ஓட்டி, துளை போட்டு, மரை வெட்டி, பளபளவென்று தேய்த்து, ஒவ்வொன்றாகச் செய்கிற பேனா.

எபொனைட் என்றால்? ரப்பரோடு கந்தகத்தை அதிகமாகச் சேர்த்துச் சூடுபடுத்தினால் கல் மாதிரி இறுகிவிடும். எபொனி என்றால் கருங்காலி. அந்த மரம் மாதிரியே கறுப்பாக, கெட்டியாக இருப்பதால் இந்தப் பெயர். கருங்காலி மாலை போட்டு ரீல்ஸ் விடுகிற தலைமுறைக்கு இதைவிடப் பொருத்தமான பேனா கிடைக்குமா! கையில் எடுத்தால் பிளாஸ்டிக் மாதிரி ஜில்லென்றோ வழவழவென்றோ இருக்காது; கொஞ்சம் கதகதப்பாக, பிடிமானமாக இருக்கும். கைச்சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது என்பதால் ஐட்ராப்பருக்கும் நல்லது. மூடியைத் திறக்கும்போது லேசாக ரப்பர் வாசனை வரும். அது பிடிக்காதவர்களும் உண்டு. வெயிலில் கிடந்தால் நாளடைவில் நிறம் மங்கும் என்பதும் உண்மை.

முக்கியமான விஷயம், இது உங்களுக்காகச் செய்யப்படுகிற பேனா. நீளம், தடிமன், நிறம், கிளிப் வேண்டுமா வேண்டாமா, மை நிரப்புகிற முறை, எந்த நிறுவனத்து நிப் என்று ஒவ்வொன்றையும் சொல்லி வாங்கலாம். தையல்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைக்கிற மாதிரி. மேலே சொன்ன பாக், ஜோவோ நிப்களையே இதிலும் போட்டுக்கொள்ளலாம். அளவெடுத்துச் செய்கிற பொருள்தான் ஆதிகாலத்திலிருந்தே லக்ஸுரி. அது சில ஆயிரங்களில், நம்ம மாநிலத்திலேயே கிடைக்கிறது.

சென்னை வரை போனவர்கள் பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ கடையையும் பார்க்காமல் வரக் கூடாது. 1920-களில் தொடங்கிய பேனாக்கடை. 'காமா' என்ற பெயரில் சொந்தப் பேனாவும் உண்டு. கடை இருப்பது என்.எஸ்.சி. போஸ் ரோட்டில். நம்ம தெப்பக்குளத்து என்.எஸ்.பி. ரோடும் அதே நேதாஜி பெயர்தான் என்பதால், வழி கேட்கும்போது குழம்ப வேண்டாம்!

தெற்கே போனால் சாத்தூர். சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேர் போன ஊர் என்றுதான் இன்று தெரியும். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் அதே அளவு பேர். வீட்டுக்கு வீடு நிப் தயாரிப்பு குடிசைத் தொழிலாக நடந்தது. பால்பாயின்ட் வந்து அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டது. நாம் பேனாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கைகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஏணியில் ஏறுங்க, லிஃப்ட் வேண்டாம்

முதல் சம்பளத்தில் நேரே மான்ட்பிளாங்க் என்று போகாதீர்கள். உங்கள் கைக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. படிப்படியாகப் போகலாம்.

1. வீட்டு பீரோவில் தொடங்குங்கள்: தாத்தாவின் பார்க்கர், அப்பாவின் ஹீரோ ஏதாவது ஒன்று மூலையில் கிடக்கும். நிப் மூக்கை மூடியபடி இருக்கும் ஹீரோ என்றால், அது 1941-ல் வந்து உலகத்தைக் கலக்கிய பார்க்கர் 51-ன் சாயல். சாதாரணத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு அலசுங்கள். பாதிக்குப் பாதி பேனாக்கள் இதிலேயே உயிர்த்துவிடும். திறக்க வராததை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள்.

2. முதல் பேனா சில நூறுகளில்: உள்ளூர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற சாதாரண மை பேனா ஒன்று. ஒரு மாதம் தினமும் ஒரு பக்கம். ஆபீஸ் குறிப்போ, டைரியோ, ஸ்ரீராமஜெயமோ, எதுவானாலும் சரி. மை பேனாவை அழுத்தி எழுதக் கூடாது. பால்பாயின்ட் பழக்கம் போக அந்த ஒரு மாதம் வேண்டும்.

3. ரெண்டாவது பேனா சில ஆயிரங்களில்: முதல் பேனாவில் எது உறுத்தியதோ அதை மாற்றுங்கள். தடியாக எழுதியதா? ஜப்பானிய ஃபைன். விரல் வழுக்கியதா? எபொனைட். கனம் பத்தவில்லையா? பித்தளை உடல் பேனா. மூடியைப் பின்னால் மாட்டி எழுதுவீர்களா, மாட்டாமலா என்பதையும் கவனியுங்கள். பேனாவின் பேலன்ஸே அதில்தான் இருக்கிறது.

4. பெரிய பேனா கடைசியில்: கையில் பிடித்து, மையில் முக்கி, பத்து வரி எழுதாமல் வாங்காதீர்கள். பெரிய பிராண்டுகளின் கடைகளில் எழுதிப் பார்க்கக் கேட்பது உரிமை, கூச்சப்பட வேண்டாம். உங்கள் நோட்டையும் கையோடு கொண்டு போங்கள். கடையில் தருகிற வழவழப்பான தாளில் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும்.

5. சிங்கப்பூர் மாமாவைப் பயன்படுத்துங்கள்: திருச்சியில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று இருப்பார். கோடாலித் தைலமும் சாக்லேட்டும் போதும். அடுத்த முறை பேனா கேளுங்கள். ஆனால் வாரன்டி கார்டு இந்தியாவில் செல்லுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விமானத்தில் பேனாவைக் கொண்டு வந்தால் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ, நிப் மேலே பார்த்தபடி இருக்கட்டும்.

6. போலியில் விழாதீர்கள்: பெரிய பெயர், பாதி விலை, பெட்டி மட்டும் அம்சம் என்றால் உஷார். மான்ட்பிளாங்க்கில் கிளிப் வளையத்தில் சீரியல் எண் பொறித்திருக்கும். நிப்பின் எழுத்துகள் கூர்மையாக இருக்கும். போலிகளில் இதையும் காப்பி அடிக்கிறார்கள் என்பதால் பில், வாரன்டி, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் இந்த மூன்றும் இல்லாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

7. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் மை போடாதீர்கள்: பத்துப் பேனா இருந்தாலும் எழுதுவதில் மூன்றுதான். மற்றவை கழுவிக் காய்ந்து டப்பாவில் இருக்கட்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தப் பேனா, எந்த மை, எந்தத் தேதியில் நிரப்பியது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

அப்போ எந்த பிராண்ட் ப்ரோ?

அந்தக் கடைசிப் பக்கம்தான் பதில் சொல்லும். ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பாருங்கள். மை தீர்ந்ததும் சில பேனாக்களைக் கழுவி உள்ளே வைத்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நிரப்பியிருப்பீர்கள். காஸ்ட்லி பேனா டப்பாவில் தூங்க, இது தினமும் பையில் வந்துகொண்டிருக்கும். அதை யாரும் ரெகமண்ட் பண்ணியிருக்க மாட்டார்கள். உங்கள் விரல்தான் பண்ணியது.

அதுதான் உங்கள் பிராண்ட். அது ஹாம்பர்கில் இருந்து வந்த நட்சத்திரமாக இருக்கலாம், ஜப்பானின் மெல்லிய நிப்பாக இருக்கலாம், திருவள்ளூர் லேத்தில் கடைந்த ரங்காவாகவும் இருக்கலாம். அதே பிராண்டில் அடுத்த படி ஏறுங்கள், காசு வீணாகாது. பெயருக்காக வாங்கினால், பேனா உங்களைப் பார்த்துக்கொண்டு பெட்டியில் இருக்கும். கைக்காக வாங்கினால், சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தோடு அதையும் வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமி காலையில் எப்போது எடுத்து எழுதலாம் என்று கை துடிக்கும்.

என்ன, 'அண்ணன்' எழுதிப் பார்த்தாச்சா?